இரண்டாம் பக்கத்துக் கணக்கு

வீட்டின் விலைக்கு வங்கி கடன் கொடுக்கும். விலைக்கு வெளியே இருக்கும் செலவுக்குக் கொடுக்காது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் குடிபெயர விரும்பிய ஒரு குடும்பம் அதை 50,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

பச்சை அட்டை போட்ட நோட்டு அது. மகள் எட்டாம் வகுப்பில் பாதி எழுதி விட்டுவைத்தது. மீதித் தாள்களில்தான் வீட்டுக் கணக்கு. முதல் பக்கத்தில் நான்கே வரிகள். வீட்டு விலை 36,00,000. வங்கிக் கடன் 28,80,000. கையிலிருந்து 7,20,000. மிச்சம் 1,80,000. கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு குறிப்பு: 'பீரோ. பால் காய்ச்ச.'

கூட்டலில் பிழையில்லை. கழித்தலும் சரிதான். ஆனால் அந்த நான்கு வரிகளை நம்பி 2024 நவம்பரில் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்த குடும்பம், இரண்டே மாதத்தில் தூக்கம் தொலைத்தது.

கணவருக்கு 43 வயது. சித்தூரில் இரு சக்கர வாகன ஷோரூம் ஒன்றில் உதிரிபாகப் பிரிவைக் கவனிக்கிறார். மனைவி திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எட்டு ஆண்டுகளாக பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் போக 70 கிலோமீட்டர், வர 70 கிலோமீட்டர். இரவு டியூட்டி முடிந்தால் பஸ் ஜன்னலில் தலை சாய்த்தபடியே பாதித் தூக்கம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய். சேமிப்பு 9 லட்சம். பல வருட சீட்டுப் பணமும் அதில் அடக்கம். பெயர் வேண்டாம் என்கிறார்கள். கணக்கு மட்டும் போதுமாம்.

திருப்பதியில் வாடகைக்கே போயிருக்கலாம். ஆனால் மாமியார் ஒப்பவில்லை. "இன்னொரு தடவ சாமான் கட்டினா அது சொந்த வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். 71 வயது. ஏழு வாடகை வீடு பார்த்தவர்.

தரகர் காட்டிய ஃபிளாட் இரண்டாவது மாடியில் இருந்தது. ஒன்பது வருடப் பழையது. இரண்டு படுக்கையறை. பால்கனியில் நின்றால் திருமலை மலை முழுசாகத் தெரியும். மனைவி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். கணவருக்கு அது போதுமானதாக இருந்தது. விலை பேசி, முன்பணம் கொடுத்து, 60 நாளில் பதிவு என்று ஒப்பந்தம் எழுதியாயிற்று. கெடு தவறினால் முன்பணத்தில் பாதி போய்விடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொதுத்துறை வங்கி ஒன்றின் மேலாளர் கேட்ட முதல் கேள்விதான் நோட்டின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தது. "ரிஜிஸ்ட்ரேஷன் பணம் தனியா வச்சிருக்கீங்கல்ல?"

வைத்திருக்கவில்லை. அதுவும் கடனில் சேரும் என்று நினைத்திருந்தார்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2012 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டின் விலைக்கு எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்று கணக்கிடும்போது முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு ஆகியவற்றை விலையில் சேர்க்கக்கூடாது என்றது அது. 2015 மார்ச்சில் ஒரு சலுகை வந்தது. வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம். திருப்பதியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் தேடுகிறவருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

கடனுக்கும் ஒரு வரம்பு உண்டு. 30 லட்சம் வரையிலான கடனென்றால் விலையில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75. இவை உச்சவரம்புகள். அதுவரை கொடுத்தே தீரவேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. சம்பளத்தையும் கட்டடத்தின் வயதையும் பார்த்து இந்தக் குடும்பத்துக்கு வங்கி ஒப்புக்கொண்டது 80 சதவீதம்.

ஆந்திராவில் வீட்டை விலைக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். உள்ளாட்சிக்குப் போகும் மாற்றுத் தீர்வை 1.5 சதவீதம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம். மொத்தம் 7.5. பத்திரத்தில் எழுதும் விலை, அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதன் மேல் இந்தக் கணக்கு. 36 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். 'பீரோ, பால் காய்ச்ச' வைத்திருந்த 1,80,000 இந்த ஒரே வரியில் கரைந்தது. போதாமல் 90,000 கடன் நின்றது.

"எங்க பக்கம் வந்திருந்தா இன்னும் ஜாஸ்தி ஆகியிருக்கும் மாமா" என்றார் வேலூரில் இருக்கும் மைத்துனர். உண்மைதான். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். 2023இல் 4 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதே 36 லட்சத்துக்கு வேலூரில் 3,24,000 ஆகியிருக்கும். ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். பணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அன்றிரவு மனைவி பேனா எடுத்தார். மருத்துவமனையில் நோயாளிக்குக் கொடுத்த மருந்தை மணி வாரியாக எழுதிப் பழகிய கை. தெரிந்தவர்கள், தரகர், பத்திர எழுத்தர், அந்த அடுக்ககத்தின் செயலாளர் என்று பத்து நாள் விசாரித்து ஒவ்வொன்றாக எழுதினார். பதிவு 2,70,000. வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஈடாக ஒப்படைக்கும் ஆவணத்துக்குக் கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத் தீர்வை, 14,400. வங்கியின் கட்டணம், வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் எல்லாம் சேர்ந்து 24,000. தரகு ஒரு சதவீதம், 36,000. பத்திரம் எழுத, வில்லங்கச் சான்று, நகல்கள், போக்குவரத்து 11,000. அடுக்ககச் சங்கத்துக்குப் பெயர் மாற்றமும் பராமரிப்பு முன்பணமும் 25,000. மின் இணைப்பு, வீட்டுவரி பெயர் மாற்றம் 4,600. வர்ணம், குழாய், கசிகிற குளியலறை, கொசுவலை 95,000. சித்தூரிலிருந்து லாரியும் ஆட்களும் 15,000. தவணையும் தொடங்கி வாடகையும் ஓடும் இரண்டு மாதத்துக்கு வாடகை மட்டும் 16,000. கிருகப்பிரவேசம் 55,000.

கூட்டினால் 5,66,000. விலையில் கிட்டத்தட்ட 16 சதவீதம். கையிருப்பில் 1,80,000 போக துண்டு விழுந்தது 3,86,000.

பட்டியலில் பெரியது பதிவுக் கட்டணம். ஆனால் குடும்பத்தைத் தடுமாற வைத்தது அது ஒன்று மட்டும் இல்லை. மற்ற பத்து வரிகளும் சேர்ந்து 2,96,000. பதிவை விட அதிகம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும்.

மாமியாருக்கு இது பிடிபடவில்லை. அவருடைய இரும்புப் பெட்டியில் மாமனாரின் அப்பா நிலம் வாங்கிய பத்திரம் இருக்கிறது. தமிழில் எழுதியது. 1911இல் பிரிக்கப்படும் வரை சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஊர். "அந்தக் காலத்துல நிலத்துக்கு மட்டும்தான்டா காசு கொடுத்தாங்க" என்றார் மகனிடம்.

பேத்தி பத்திரத்தை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதல் தாளே முத்திரைத் தாள். இந்திய முத்திரைச் சட்டம் 1899ஆம் ஆண்டினது. பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டினது. இரண்டும் இன்றும் நடப்பில் இருப்பவை. கொள்ளுத்தாத்தாவும் கொடுத்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வீடு வாங்கியவர்கள் விலையைச் சொல்வார்கள். மேற்செலவைச் சொல்ல மாட்டார்கள். அது மறந்தும் போகும், சொல்லக் கூச்சமாகவும் இருக்கும்.

துண்டு விழுந்த பணத்துக்கு வழி தேடினார்கள். தனிநபர் கடன் எடுத்தால் 13 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல். வீட்டுக் கடன் தவணை அன்றைய வட்டியில் சுமார் 25,000. இரண்டும் சேர்ந்தால் 62,000 சம்பளத்தில் பாதிக்கு மேல். மீதியில் மகளின் படிப்பு, மாமியாரின் சர்க்கரை மருந்து, அரிசி, பஸ். இல்லாவிட்டால் மனைவியின் நகை. அவர் வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கணவர் அவற்றைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். அன்று இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் கடைசியில் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அரசு மதிப்பு 27 லட்சம்தானே. பத்திரத்தில் 27 என்றே எழுதுவோம். மீதி 9 லட்சம் ரொக்கமாகக் கொடுங்கள். உங்களுக்குப் பதிவில் 67,500 ரூபாய் மிச்சம். கேட்க இனிப்பாக இருந்தது. நோட்டில் எழுதிப் பார்த்தபோது கசந்தது. பத்திரத்தில் 27 என்றால் வங்கி 27க்குத்தான் கடன் தரும். 80 சதவீதம் 21,60,000. கடனில் 7,20,000 குறைந்துபோகும். 67,500 மிச்சம் பிடிக்க 7,20,000 தேட வேண்டும்.

அது மட்டுமா? நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்றவருக்கு அதே தொகை அபராதம். என்றாவது ஒரு நாள் வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை 27 லட்சம் என்றே ஆவணம் சொல்லும். மறைத்த 9 லட்சமும் லாபமாகிவிடும். அதற்கு வரி கட்டப்போவது விற்ற பழைய வீட்டுக்காரர் இல்லை.

"வேணாங்க" என்றார் மனைவி. "பால்கனி நல்லாத்தான் இருந்துது. விட்ருவோம்."

ஒப்பந்தப்படி 50,000 போயிற்று. மீதி 50,000 ஒரு மாதம் கழித்து வந்தது. மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி மீண்டும் பஸ் ஜன்னலில் தலை சாய்த்தார்.

நோட்டில் மூன்றாம் பக்கம் தொடங்கியது. இம்முறை வீட்டு விலையை முதல் வரியில் எழுதவில்லை. முதல் வரி: கையில் உள்ளது. இரண்டாம் வரி: தொடக்கூடாதது, 1,00,000. அதன்பின் மேற்செலவுப் பட்டியல். அதன்பின் கைப்பணமாகக் கட்டவேண்டிய பங்கு. கடைசி வரிக்கு எதிரில் ஒரு கேள்விக்குறி. அதுதான் வீட்டின் விலை. "முதல்ல வீட்டப் பாத்துட்டு அப்புறம் கணக்கப் பாத்தோம். இப்ப கணக்கு எந்த வீட்டக் காட்டுதோ அதப் பாப்போம்" என்பது மனைவியின் விளக்கம். இரண்டு பக்கங்களையும் வைத்துப் பார்த்ததில் ஒரு கட்டைவிரல் கணக்கும் பிடிபட்டது. விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் இருந்தால் பயமில்லாமல் பேச்சைத் தொடங்கலாம்.

வீடு தேடும் படலத்தில் வேறு பாடங்களும் கிடைத்தன. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் ஒன்றைப் பார்த்தார்கள். கட்டி முடித்த சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டுமானத்தில் இருப்பதற்கு உண்டு. 2019 ஏப்ரல் முதல் 5 சதவீதம். திருப்பதி போன்ற ஊர்களில் 45 லட்சத்துக்குள், உள்பரப்பு 90 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம். விளம்பரத்தில் போடும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால்தான் சொல்கிறார்கள். கார் நிறுத்தம், மின்மாற்றிப் பங்கு, சங்க நிதி ஆகியவையும் கேட்டால்தான். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவரே 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக் கட்டவேண்டும். அது விற்பவரின் பணத்திலிருந்து போவது. ஆனால் கட்ட மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் வாங்குபவர் தலையில்.

ஊருக்கு வெளியே ஒரு தனி வீடு 19 லட்சத்துக்குக் கிடைத்தது. விலை குறைவாக இருந்தது. காரணமும் இருந்தது. விற்றவரின் கையில் இருந்தது டி.கே.டி. பட்டா. நிலமற்றவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிலம். அதை விற்பதை 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அரசு நிலம், கோயில் நிலம், மட நிலம், ஒப்படைப்பு நிலம் ஆகியவை பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் தடைப்பட்டியலில் வரும். ஏழுமலையான் கோயிலும் பழைய மடங்களும் சூழ்ந்த திருப்பதியில் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் நிலம் வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு மலையேறுவது போல. பட்டியலைப் பார்க்கச் செலவு அதிகமில்லை. பார்க்காவிட்டால் வரும் செலவுக்கு அளவில்லை.

வில்லங்கச் சான்று வாங்குவது முன்பைவிட எளிது. 1998 நவம்பரில் ஆந்திர அரசு 'கார்ட்' என்ற திட்டத்தில் பதிவு அலுவலகங்களைக் கணினிக்கு மாற்றியது. 1983க்குப் பிந்தைய பதிவுகளை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் தேடச் சொல்லவேண்டும். ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும். கணவருக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மனைவி தெலுங்குப் பள்ளியில் படித்தவர். பத்திர எழுத்தர் படித்துச் சொன்னாலும் அவர் ஒரு முறை வரிவரியாகப் படித்துவிடுவார். இரண்டாவது ஃபிளாட்டின் எல்லையில் 'வடக்கு', 'தெற்கு' மாறியிருந்ததைக் கண்டுபிடித்தது அப்படித்தான். பதிவுக்குப் பிறகு தெரிந்திருந்தால் திருத்தப் பத்திரம், மறுபடி கட்டணம், மறுபடி விற்றவரைத் தேடும் அலைச்சல்.

பழைய வீட்டோடு பழைய பாக்கியும் வரும். முந்தைய உரிமையாளர் வைத்த மின் கட்டணப் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின் வாரியம் சொல்ல முடியும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுவரி, தண்ணீர்வரி, சங்கப் பாக்கி ஆகியவற்றின் கடைசி ரசீதுகளை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கினார்கள். அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டிய கட்டடங்களை அபராதம் கட்டி முறைப்படுத்தும் திட்டங்களை 2015இலும் 2019இலும் ஆந்திர அரசு கொண்டுவந்தது. அந்த அபராதம் கட்டியாயிற்றா என்பது அடுத்த கேள்வி. ஒரு வீட்டுக்காரர் இந்தக் கேள்விக்குப் பிறகு போனை எடுக்கவேயில்லை. அவர் எடுக்காததே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே 2025 பிப்ரவரி 1 முதல் ஆந்திராவில் நிலம், வீடுகளின் அரசு மதிப்பு திருத்தப்பட்டது. மதிப்பு உயர்ந்தால் பதிவுச் செலவும் உயரலாம். ஆனால் வட்டி இறங்கியது. 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் மாதங்களில் குறைத்து 5.5க்குக் கொண்டுவந்தது. காத்திருந்ததில் ஒன்று போனது, ஒன்று வந்தது.

2025 ஜூலையில் அமைந்தது வேறொரு ஃபிளாட். 28 லட்சம். முதல் மாடி. பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரியும். மலையைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போகவேண்டும். கையிருப்பு, போன 50,000 போக, பத்து மாதச் சேமிப்பும் சேர்ந்து 9,80,000. கடன் 23,50,000. கைப்பணம் 4,50,000. பதிவு 2,10,000. வங்கி ஆவணம், தரகு, சங்கம், வர்ணம், லாரி, இரட்டைச் செலவு, விசேஷம் என மற்றவை 2,17,000. தொடக்கூடாத ஒரு லட்சம் தொடப்படாமலே நின்றது. தவணை 8 சதவீத வட்டியில் சுமார் 19,650 ரூபாய். கடனோடு ஒரே தவணையாக 60,000 ரூபாய்க்குக் காப்பீடு எடுக்கும்படி வங்கியில் வற்புறுத்தினார்கள். அவர்களிடமே எடுக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெளியே விசாரித்து கணவர் பெயரில் தனிக் காப்பீடு எடுத்தார்கள். கடன் இருக்கும்வரை அது இருக்கவேண்டும் என்பதில் மனைவி உறுதியாக இருந்தார். தினமும் மருத்துவமனையைப் பார்க்கிறவர்.

சிறிய வீடு வாங்கியதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. பதிவு அலுவலகம் இது முதல் வீடா, ஐந்தாவது வீடா என்று கேட்பதில்லை. இங்கிலாந்தில் கேட்கிறார்கள். அங்கே 5 லட்சம் பவுண்டு வரை விலையுள்ள முதல் வீட்டுக்கு, 3 லட்சம் பவுண்டு வரை முத்திரைத் தீர்வை கிடையாது. சிங்கப்பூரில் வேறு விதமாகக் கேட்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் தீர்வை மட்டுமே 60 சதவீதம். நிரந்தரவாசத் தமிழர்கூட முதல் வீட்டுக்கு 5 சதவீதம் கூடுதலாகக் கட்டவேண்டும். இந்தியாவில் முதல் வீட்டுக்காரருக்கான சலுகை வட்டியில் வருகிறது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாவிட்டால், வட்டி மானியம் 1,80,000 ரூபாய் வரை ஐந்து தவணைகளில் கிடைக்கலாம். 36 லட்ச வீட்டுக்கு இது கிடைத்திருக்காது. 28 லட்ச வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். நோட்டில் இன்னும் எழுதவில்லை. வந்த பிறகுதான் எழுதுவார்களாம்.

கடைசியாக ஒரு செலவு எந்தச் சட்டத்திலும் இல்லாதது. கிருகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கவேண்டும். ஆடி முடியாமல் பால் காய்ச்சக்கூடாது என்றார் மாமியார். ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17இல். சிராவண மாதம் முடிவதற்குள் வைத்துவிடுங்கள், பாத்ரபதத்தில் வேண்டாம் என்றார் தெலுங்குப் புரோகிதர். சிராவணம் ஆகஸ்ட் 23 அமாவாசையோடு சரி. இரண்டு பஞ்சாங்கமும் ஒப்பியது ஒரே ஒரு வாரம். அதைத் தவறவிட்டால் இன்னும் இரண்டு மாத வாடகை. அந்த வாரத்தில் சமையல்காரருக்கும் கிராக்கி. ஐம்பது பேருக்கு நினைத்தது இருபது பேராயிற்று. இட்லி, பொங்கல், புளியோதரை. மொத்தம் 30,000 ரூபாய்க்குள் முடிந்தது.

வந்திருந்த மைத்துனர் வேலூரில் மனை பார்த்துக்கொண்டிருக்கிறார். விலை படிந்துவிட்டது, அடுத்த வாரம் முன்பணம் என்றார். சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்த அக்கா, பீரோ இன்னும் வராததால் அட்டைப் பெட்டியில் கிடந்த பச்சை நோட்டைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டாவது பக்கத்துலேருந்து படிடா. அங்க ஏழரைன்னு இருக்கறத உங்க ஊருக்கு ஒம்பதுன்னு போட்டுக்கோ. படிச்சிட்டு அப்புறமா முன்பணம் கொடு."